பெட்டிக்குள் மே மாதம்

இன்ஷிராஹ், கடைக்காரர் ஷவாத்பி ஹாஜியாருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது அறுபத்து மூவாயிரத்து இருநூறு எகிப்து பவுண்டு. மகள் ரிஹாபின் கல்யாணத்துக்கு எடுத்த பிரிட்ஜ், வாஷிங் மெஷின், நாலு அடுப்பு கேஸ் ஸ்டவ், பட்டறைக்குக் கடனாக வாங்கிய நூல்கண்டு எல்லாம் சேர்ந்து ஹாஜியாரின் கால்குலேட்டரில் வந்து நின்ற தொகை அது. ரிஹாப் இப்போது தந்தாவில் புருஷன் வீட்டில் அந்தப் பிரிட்ஜில் தண்ணீர் வைத்துக் குடித்துக்கொண்டிருக்கிறாள். அதற்கான அமானத் சீட்டு இங்கே மஹல்லா ஊரில், ஹாஜியாரின் மேஜை டிராயரில் கிடந்தது.

அமானத் சீட்டு என்றால் வெறும் கடன் பத்திரம் இல்லை. 'இன்னாரிடம் சேர்க்கச் சொல்லி இந்தப் பணம் என் கையில் ஒப்படைக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். பணம் திரும்பி வராவிட்டால் அது கடன் பாக்கி ஆகாது, நம்பிக்கை மோசடி ஆகிவிடும். கடன் பாக்கிக்குக் கோர்ட்டு. மோசடிக்கு ஜெயில். அவர்கள் தெருவிலேயே ஒருத்தி மகளுக்கு எடுத்த சீருக்காகப் பதினோரு மாசம் உள்ளே இருந்துவிட்டு வந்தவள். வந்த பிறகு அவள் யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் போவதில்லை. குலவைச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்திக்கொள்வாள்.

இன்ஷிராஹ் கையெழுத்துப் போட்டபோது ஹாஜியார் சிரித்தார். அவள் எழுத்துப் படித்ததே நாற்பது வயசுக்கு மேல், பள்ளிவாசல் மாடியில் பெண்களுக்கு நடந்த வகுப்பில். பேனாவை ஊசி பிடிக்கிற மாதிரிதான் பிடிப்பாள். ஒவ்வொரு எழுத்தையும் அமுக்கி அமுக்கி எழுதுவாள்.

"தாளைத் தச்சிப்புடாதே உம்மு ரிஹாப். எழுதினாப் போதும்," என்றார். ரிஹாபைப் பெற்றவள் என்பதால் ஊருக்கு அவள் உம்மு ரிஹாப்.

பேச்சு இதுதான். ஹாஜியார் விற்கிற அபாயா அங்கிகளின் நெஞ்சுப் பக்கத்தில் வைக்கிற துணி நானூறு, எம்ப்ராய்டரி போட்டுத் தர வேண்டும். துணிக்கு நூற்று ஐம்பத்தெட்டு பவுண்டு. நானூறும் போய்ச் சேர்ந்தால் கணக்கு சரிக்குச் சரி, சீட்டு அவள் கைக்கு வரும். சரக்கு ஏற்றும் லிபியா லாரி வியாழக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகை நேரத்துக்குக் கிளம்பும். லாரி போன பிறகு வருகிற துணி அவருக்கு வேண்டாம். அப்புறம் சீட்டு ஸ்டேஷனுக்குப் போகும். இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. பேரீச்சம்பழத் தட்டை அவள் பக்கம் தள்ளிக்கொண்டே சொன்னார்.

புருஷன் ஷெஹாத்தாவைக் கேட்காமல் போட்ட கையெழுத்து அது. கேட்டிருந்தால் அவர் தன் பேரில் போட்டிருப்பார். அவருக்கு இடுப்பு சரியில்லை, ஜெயிலின் சிமெண்டுத் தரையில் ஒரு வாரம் தாங்கமாட்டார் என்று அவள் நினைத்தாள். அவருக்கு அது தெரியாது. தெரிந்ததெல்லாம் தன்னைக் கேட்கவில்லை என்பதுதான். அன்றிலிருந்து அவர் அவளிடம் நேராகப் பேசுவதில்லை. சுவரிடம் பேசுவார். அடுத்த வீட்டுக்காரரிடம் பேசுவார். பூனையிடம்கூடச் சொல்வார், "டீ வேணும்னு அந்தம்மாகிட்டச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டி செத்தது.

பட்டறை வீட்டின் கீழ்த்தளம். பன்னிரண்டு தலை எம்ப்ராய்டரி மெஷின் ஒன்று அறையை அடைத்துக்கொண்டு நிற்கும். மூடிப்போன ஒரு கம்பெனியிலிருந்து, ரிஹாப் தவழ்கிற காலத்தில் வாங்கியது. கூடவே வந்தது ஒரு கம்ப்யூட்டர். பழுப்பேறிய, கனமான பெட்டி. ஷெஹாத்தா அதில்தான் கோலம் வரைவார். ஊசி எங்கே இறங்க வேண்டும், நூல் எங்கே நிறம் மாற வேண்டும் என்று ஒவ்வொரு புள்ளியாக வைப்பார். பெட்டியிலிருந்து கேபிள் வழியாகக் கோலம் மெஷினுக்குப் போகும். பன்னிரண்டு ஊசியும் ஒன்றாக இறங்கும். பெட்டி இல்லாவிட்டால் மெஷின் வெறும் இரும்பு.

தினமும் அவர்தான் பெட்டியைத் திறப்பார். மேலே படிந்த பஞ்சை வாயால் ஊதுவார், பட்டனை அமுக்குவார், மூலையில் இருக்கிற கடிகாரத்தைத் திருப்பி வைப்பார், பிஸ்மில்லா சொல்வார், அப்புறம்தான் டீ. இருபது வருஷமாக இதே வரிசை.

அன்று பட்டனை அமுக்கினார். உள்ளே 'டக்... டக்... டக்' என்று நகத்தால் தட்டுகிற சத்தம். கருப்புத் திரையில் வெள்ளையாக ஒரு வரி. அவ்வளவுதான். நூற்று நாற்பது துணி முடிந்திருந்தது. இருநூற்று அறுபது பாக்கி.

"பெட்டி போச்சுன்னு அந்தம்மாகிட்டச் சொல்லு," என்றார் ஷெஹாத்தா, பூனையிடம்.

*

மொபைல் கடை வரிசையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற நஷாத் நடுப்பகலுக்கு வந்தான். முப்பது வயசு, ஒல்லி, சட்டைப்பையில் மூன்று ஸ்க்ரூ டிரைவர். எல்லோரும் அவனை இன்ஜினியர் என்று கூப்பிடுவார்கள். அவனும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினான். உள்ளே விரல் தடிமனுக்குப் பஞ்சும் நூல் தூசியும்.

"தலையணை தைக்கலாம் போலிருக்கே உஸ்தா," என்றான். தொழில் தெரிந்த மூத்தவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"இருபது வருஷமா வேலை செஞ்ச பெட்டி. சும்மா இருந்த பெட்டிதான் சுத்தமா இருக்கும்," என்றார் ஷெஹாத்தா.

நஷாத் ஹார்டு டிஸ்கைக் கழற்றிக் காதில் வைத்துக் கேட்டான். முகம் மாறியது.

"ரெண்டு நோவு. பெட்டியோட போர்டு வீங்கிப் போச்சு, அது செத்தது செத்ததுதான். டிஸ்கு இன்னும் சாகல. சாகக் கிடக்கு."

"கோலம் எல்லாம் அதுலதான் இருக்கு," என்றாள் இன்ஷிராஹ். "ஹாஜியார் கோலமும்."

"கோலத்தை மட்டும் எடுத்துடலாம் உம்மு ரிஹாப், டிஸ்கு ஒத்துழைச்சா. ஆனா அதைப் படிக்கிற புரோகிராம்? புதுக் கம்ப்யூட்டர்ல அது ஏறவே ஏறாது. புதுசா வாங்கணும்னா இந்த மெஷின் விலையைவிட ஜாஸ்தி கேப்பான்."

"அப்ப?"

நஷாத் பெஞ்சில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்தான். ஜூலை வெயில். மேல்விசிறி சுற்றியும் சூட்டைத்தான் தள்ளியது.

"ஒரு வழி இருக்கு. டிஸ்குல இருக்கிறதை ஒரு புள்ளி விடாம அப்படியே நகல் எடுக்கறது. அப்புறம் என் லேப்டாப்புக்குள்ள ஒரு பொய்ப்பெட்டி செய்யறது. அதுக்குக் கையும் இல்ல, காலும் இல்ல. ஆனா உள்ள இருக்கிறவனுக்கு அது தன்னோட பழைய பெட்டி மாதிரியே தெரியும். அதுல இந்த நகலை வச்சு எழுப்பி விடறது."

இன்ஷிராஹ் திறந்து கிடந்த பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "வீடு இடியப்போவுது. உள்ள ஒருத்தன் தூங்கறான். அதே மாதிரி இன்னொரு வீடு கட்டி, தூக்கம் கலையாம அவனைத் தூக்கிட்டுப் போய்ப் படுக்க வைக்கறது. அப்படியா?"

"அப்படியேதான். கண்ணு முழிச்சா வீடு மாறினதே தெரியக்கூடாது. தெரிஞ்சா எந்திரிக்க மாட்டான்."

"பொய்ப்பெட்டியாம்," என்றார் ஷெஹாத்தா சுவரைப் பார்த்து. "கடன் நிஜம், பெட்டி பொய்."

"உஸ்தா, ஒண்ணு கேக்கறேன்," என்றான் நஷாத். "இந்தப் பெட்டியில ஏதாவது விசேஷம் உண்டா? வேற கம்ப்யூட்டர்ல இல்லாத ஏதாவது?"

"என்ன விசேஷம்? திறந்தா திறக்கும், மூடினா மூடும்."

"கூலி?" என்று கேட்டாள் இன்ஷிராஹ்.

"எந்திரிச்சா கேக்கறேன். எந்திரிக்கலைன்னா இங்கே டீ குடிச்சதோட போறேன்."

*

நகல் எடுப்பது மெதுவாக நடந்தது. டிஸ்கை மேஜையில் திறந்த வாக்கில் வைத்து லேப்டாப்பில் மாட்டியிருந்தான். கையகலம்கூட இல்லாத ஒரு சின்ன டிஸ்குக்குள் அந்த நகல் சொட்டுச் சொட்டாக இறங்கியது. நல்ல இடத்தில் சரசரவென்று ஓடும். கெட்ட இடம் வந்தால் 'டக் டக்' என்று நின்று, மறுபடி மறுபடி முட்டும். நஷாத் அந்த இடத்தை விட்டுவிட்டு முன்னே போகச் சொல்வான். முதலில் வருகிறதை வாங்கிக்கொண்டு, வராததைக் கடைசியில் கெஞ்ச வேண்டும் என்றான்.

டிஸ்கு தொட முடியாத சூடு. இன்ஷிராஹ் மேஜை விசிறியைக் கொண்டுவந்து அதன் முன்னால் வைத்தாள். வீட்டில் இருந்த ஒரே மேஜை விசிறி. ஷெஹாத்தா வியர்வையில் நனைந்தபடி மெஷின் அடியில் புகுந்து பாபின் கூடுகளைத் துடைத்தார். துடைக்க வேண்டிய தேவை ஒன்றும் இல்லை.

"மூணு மணிக்குக் கரண்டு போகும்," என்றாள். அந்தக் கோடையில் தினமும் ஒரு நேரம் போய்க்கொண்டிருந்தது.

நஷாத் நிமிர்ந்தான். "லேப்டாப் தாங்கும். டிஸ்கு நின்னுடும். ஒருதடவை நின்னா இது மறுபடி சுத்துமாங்கறது அல்லாவுக்குத்தான் தெரியும். பேட்டரி வேணும்."

எதிர்வீட்டு மர்ஸூக் டுக்டுக் ஓட்டுகிறவன். நடுப்பகல் தூக்கத்தில் இருந்தான். இன்ஷிராஹ் போய்க் கதவைத் தட்டினாள்.

"என் வண்டி பேட்டரியையா? கம்ப்யூட்டருக்கா? அது நூல் தின்னுமா, பெட்ரோல் குடிக்குமா?" என்று கேட்டுக்கொண்டே கழற்றினான். "சாயங்கால சவாரி போச்சு. எனக்கு ஒரு வேளைச் சோறு கடன்."

"அந்தக் கடனுக்கும் சீட்டு எழுதணுமா?"

"வேணாம், முலுகிய்யாக் கீரை வாசனை வருது. அதுவே போதும்."

நஷாத் கொண்டுவந்த யூபிஎஸ்ஸில் பேட்டரி செத்துக் கிடந்தது. டுக்டுக் பேட்டரியை அதில் ஒயர் போட்டுக் கட்டினான். மேலே சமையலறையில் இன்ஷிராஹ் கீரையை இறக்கி, தாளித்த பூண்டும் மல்லியும் ஊற்றப் போனாள். முலுகிய்யாவில் பூண்டு விழுகிற நொடியில் ஆக்குகிறவள் 'ஹா' என்று மூச்சை உள்ளிழுத்துச் சத்தம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கீரை அடியில் தங்கிவிடும் என்பார்கள். அன்று அவள் ஊற்றிய அதே நொடியில் கரண்டு போனது. மூச்சு தானாக உள்ளே போய் நெஞ்சில் நின்றது. படியில் இறங்கி ஓடினாள்.

இருட்டறையில் லேப்டாப் வெளிச்சம். நஷாத் கையை உயர்த்தி, பேசாதே என்றான். மூன்று பேரும் காதைக் கொடுத்து நின்றார்கள். டிஸ்கு சுற்றிக்கொண்டிருந்தது.

"ஓடுதுன்னு அந்தம்மாகிட்டச் சொல்லு," என்றார் ஷெஹாத்தா.

"இங்கதான் நிக்கிறாங்க உஸ்தா."

"தெரியும். சொல்லு."

திங்கள்கிழமை பிற்பகல்வரை அது ஓடியது. கடைசியில் கெஞ்சிக் கேட்ட இடங்களில் பாதி வந்தது, மீதி வரவில்லை. வராத இடத்தில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அஸருக்குக் கொஞ்சம் முன்னால் டிஸ்கு ஒரு நீளமான கீச்சுச் சத்தம் போட்டு நின்றது. நஷாத் அதைக் கழற்றி மேஜை ஓரத்தில் வைத்தான்.

அந்த நேரம் பார்த்து ஹாஜியார் வந்தார். கையில் ஜெபமாலை, பளிச்சென்று இஸ்திரி போட்ட ஜலாபிய்யா அங்கி.

"தெரு முனை வரைக்கும் உங்க மெஷின் சத்தம் கேக்கும். இன்னைக்கு ஈ பறக்கிறது கேக்குதே, உம்மு ரிஹாப்."

"எண்ணெய் போடறோம் ஹாஜியாரே. உக்காருங்க, தர்ப்பூசணி வெட்டறேன்."

"உக்கார நேரமில்ல." நஷாத்தையும் கவிழ்ந்து கிடந்த பெட்டியையும் பார்த்தார். "இந்தத் தம்பி எண்ணெய் போடறவரா?"

"சொந்தக்காரப் பையன்," என்றாள்.

"நல்லது. லாரிக்காரன் எனக்கு மாமனும் இல்ல மச்சானும் இல்ல, நின்னு காத்திருக்க. நான் ஒருத்தனுக்குச் சொன்ன சொல்லு, நீ எனக்குச் சொன்ன சொல்லு. சொல்லுதானே எல்லாம்."

"வியாழக்கிழமை உங்க கடையில இருக்கும்."

"இன்ஷா அல்லா," என்றார். நடக்காது என்பதுபோல இருந்தது அதை அவர் சொன்ன விதம். போகும்போது ஷெஹாத்தாவிடம், "உங்க வீட்டம்மா கெட்டிக்காரி உஸ்தா. எழுத்து அப்படியே பதியும்," என்றார்.

ஷெஹாத்தா அவர் போன திசையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

*

பொய்ப்பெட்டியில் முதல்முறை எழுப்பியபோது திரை முழுக்க நீலம் வந்தது. வெள்ளை எழுத்தில் ஏதேதோ.

"செத்துட்டானா?" என்றாள்.

"இல்ல. எழுந்தான். எழுந்ததும் பழைய வாசல் இருந்த பக்கமா காலை வச்சான். இங்க வாசல் வேற பக்கம். சுவத்துல முட்டி விழுந்துட்டான். வாசல் எங்க இருக்குன்னு தூக்கத்துலயே காதுல சொல்லிவிடணும்."

காதில் சொல்ல அவனுக்கு அன்று பொழுது சாய்கிறவரை ஆனது. செவ்வாய்க்கிழமை காலையில் மறுபடி எழுப்பினான். கருப்பு. ஒரு கோடு ஓடியது. பிறகு திரையில் அந்தப் படம் வந்தது: கைக்குழந்தை ரிஹாப், தலையில் மஞ்சள் தொப்பி, வாயில் பாதி பிஸ்கட். இருபது வருஷமாகப் பெட்டியைத் திறந்தால் வருகிற படம்.

இன்ஷிராஹ் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "அபூ ரிஹாப்," என்று புருஷனைக் கூப்பிட்டாள். "வந்து பாருங்க."

"பொய்ப்பெட்டியை நான் பார்க்கலைன்னு அந்தம்மாகிட்டச் சொல்லு," என்று மெஷினுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

நஷாத் சிரித்துக்கொண்டே புரோகிராமைத் திறந்தான். ஊசி படம் போட்ட சின்ன சதுரம் வந்தது. சுற்றியது. பிறகு ஒரு கட்டம் முளைத்தது. அதைப் படித்த நஷாத்தின் சிரிப்பு அப்படியே காய்ந்தது. மூடினான். திறந்தான். மறுபடி அதே கட்டம்.

"என்ன எழுதியிருக்கு?"

"காலம் முடிஞ்சதுங்குது. பூட்டிக்கிச்சு."

"என்ன காலம்?"

"தெரியல. புரோகிராமுக்கு ஒரு தவணை வச்சிருக்கான். அது தாண்டிடுச்சுங்கறான். இருபது வருஷமா ஓடினது இன்னைக்கு ஏன் தாண்டணும்?"

நேரம் ஓடியது. அவன் என்னென்னவோ செய்தான். கட்டம் போகவில்லை. கடைசியில் நாற்காலியில் சாய்ந்து கண்ணைத் தேய்த்தான். "இந்த நகல் கெட்டுப்போச்சு. முதல்ல எடுத்தது சின்ன டிஸ்குல அப்படியே இருக்கு. அதுலேருந்து இன்னொண்ணு செய்யலாம். வாசல் சொல்லிக் குடுக்கறது இப்ப சீக்கிரம் ஆயிடும். ஆனா சாயங்காலம் ஆகும். எதனால பூட்டினான்னு தெரியாம திறந்தா அதுவும் பூட்டிக்கும். இன்னும் ஒருநாள் போகும்."

இன்னும் ஒருநாள் போனால் துணி முடியாது. அது மூன்று பேருக்கும் தெரிந்தது. இருபத்திரண்டு ஓட்டம் ஓட வேண்டும். நடுவில் கரண்டு போகும், நூல் அறும்.

"செய்," என்றாள் இன்ஷிராஹ்.

மாடிக்குப் போனாள். அலமாரியைத் திறந்து ஒரு பழைய அபாயா, இரண்டு உள்பாவாடை, சோப்பு ஒன்று எடுத்துப் பையில் வைத்தாள். தெருவில் ஜெயிலுக்குப் போய் வந்தவள் சொன்னது: முதல் வாரம் சோப்பு கிடைக்காது. பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளித் திரும்பினாள். கதவில் ஷெஹாத்தா நின்றார்.

பையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். வாய் திறந்தது. சொல்ல அங்கே பூனையும் இல்லை, யாரும் இல்லை. படி இறங்கிப் போனார்.

கரண்டு போய்த் திரும்பி வந்து, வெயில் சுவரில் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் இரண்டாவது நகல் எழுந்தது. மஞ்சள் தொப்பி ரிஹாப். நஷாத்தின் கை மவுஸில் இருந்தது. அசையவில்லை.

"நீ திறக்காதே இன்ஜினியரே," என்றாள் இன்ஷிராஹ். "அவர் உக்காரட்டும்."

"யார் திறந்தாலும் ஒண்ணுதான் உம்மு ரிஹாப்."

"இருக்கலாம். இத்தனை வருஷமா அவர் கைதான் திறந்துச்சு. போறதுன்னாலும் அவர் கையிலயே போகட்டும்." திரும்பி, சத்தமாக, "அபூ ரிஹாப். உக்காருங்க. உங்க பெட்டி," என்றாள்.

ஷெஹாத்தா வந்தார். கையை ஜலாபிய்யாவில் துடைத்தார். உட்கார்ந்ததும் குனிந்து லேப்டாப் மேல் 'பூ' என்று ஊதினார். அங்கே பஞ்சே இல்லை. அப்புறம் மவுஸைப் பிடித்தார். அம்புக்குறி நேராகக் கீழ் மூலைக்குப் போனது. கடிகாரத்தில் இரண்டுமுறை தட்டினார். மாதங்களின் பட்டியல் விரிந்தது.

"என்ன பண்றீங்க உஸ்தா?"

"மணியைத் திருப்பறேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? தினமும் திருப்பறதுதான். மே மாசம் பதினொண்ணு, ரெண்டாயிரத்து நாலு. வித்தவன் சொல்லிக் குடுத்தான், அதைத் தாண்ட விடாதீங்கன்னு."

நஷாத் எழுந்துவிட்டான். "இருபது வருஷமாவா?"

"அந்தப் பெட்டியில எப்பவும் மே மாசந்தான்," என்றாள் இன்ஷிராஹ். "ரிஹாபுக்கு அப்பத்தான் முதல் பல்லு."

"நான் கேட்டேன்ல? ஏதாவது விசேஷம் உண்டான்னு கேட்டேன்ல?"

"இது விசேஷமா?" என்றார் ஷெஹாத்தா நிஜமான ஆச்சரியத்தோடு. "காலையில எந்திரிச்சு மூஞ்சி கழுவறேன். அதையும் உன்கிட்டச் சொல்லணுமா?"

அவர் தேதியை மாற்றி அமுக்கினார். மே பதினொன்று. ஊசிப் படத்தின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனார். அமுக்கப் போகிற நேரத்தில் மூலைக் கடிகாரம் தானாகத் துள்ளி இன்றைய தேதிக்கு வந்து நின்றது.

"கையை எடுங்க," என்றான் நஷாத். குரல் கிசுகிசுப்பாக வந்தது. "எதையும் தொடாதீங்க. அப்படியே எடுங்க."

ஷெஹாத்தா கொதிக்கிற சட்டியிலிருந்து எடுக்கிற மாதிரி கையை எடுத்தார்.

"வெளியில இருக்கிற என் லேப்டாப்பு உள்ள எட்டிப் பார்த்து, இன்னைக்கு என்ன தேதின்னு அவனுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கு," என்றான் நஷாத். "நீங்க திருப்பத் திருப்ப அது முன்னால இழுக்கும். காலையில நான் திறந்தப்பவும் அதான் நடந்திருக்கு."

"தூங்கறவன் பக்கத்துல காலண்டரை மாட்டிட்டே," என்றாள் இன்ஷிராஹ்.

"மாட்டிட்டேன்."

அவன் பொய்ப்பெட்டியை மெதுவாக அணைத்தான். உட்கார்ந்து, உள்ளேயும் வெளியேயும் மணி பேசுகிற வழியை ஒவ்வொன்றாக அடைத்தான். எப்போது எழுப்பினாலும் மே பதினொன்று காலை எட்டு மணிக்குத்தான் அவன் எழ வேண்டும் என்று எழுதி வைத்தான். மறுபடி எழுப்பினான். மூவரும் மூலையையே பார்த்தார்கள். மே பதினொன்று. எட்டு மணி. எட்டு ஒன்று. எட்டு இரண்டு. தேதி துள்ளவில்லை.

"இப்ப," என்றான்.

ஷெஹாத்தா பிஸ்மில்லா சொல்லி அமுக்கினார். ஊசி படம் சுற்றியது. கட்டம் வரவில்லை. வெள்ளைப் பலகை விரிந்தது. அவர் இரண்டு வாரம் புள்ளி புள்ளியாக வைத்த ஹாஜியாரின் மாதுளைக் கொடி, வலது ஓரத்தில் ஒரே ஒரு இலை இல்லாமல், திரையில் நின்றது. வராத இடத்தில் இருந்தது அந்த இலை.

"இலைதானே," என்றார் ஷெஹாத்தா. கண்ணைத் துடைத்தபடி இடதுபக்கத்து இலையை எடுத்துத் திருப்பி அங்கே ஒட்டினார்.

புது லேப்டாப்பில் பழைய கேபிளுக்கு ஓட்டை இல்லை. நஷாத் கடையிலிருந்து ஒரு மாற்று முனை எடுத்துவர மர்ஸூக்கை விரட்டினான். பேட்டரியை வண்டியில் மாட்டிக்கொண்டு அவன் போய் வந்தான். பொழுது சாய்ந்து சொல்கிற மஃரிப் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் பன்னிரண்டு ஊசியும் ஒன்றாக இறங்கின. தெரு முனை வரைக்கும் சத்தம் கேட்டது.

*

புதனும் வியாழனும் அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நின்றபடியே உப்புப் பாலாடைக்கட்டியும் ரொட்டியும் தர்ப்பூசணியும். இன்ஷிராஹ் ஒவ்வொரு துணியையும் சட்டத்திலிருந்து கழற்றியதும் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் முதலில் தடவுவாள். முன்பக்கம் எவனையும் ஏமாற்றும். முடிச்சு விழுந்ததா, நூல் தளர்ந்ததா என்பதைப் பின்பக்கம்தான் சொல்லும். கரண்டு போன நேரத்தில் கத்தரிக்கோலை வைத்துப் பிசிறு வெட்டினாள். ஏழாவது தலையில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. ஷெஹாத்தா அதைத் திட்டிக்கொண்டே கோர்த்தார்.

புதன்கிழமை மதியம் ஒருமுறை அவர் சொன்னார், "சிவப்பு பாபின் எடு, இன்ஷிராஹ்."

பாபினை எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் அவளுக்கு உறைத்தது. அவர் தலை நிமிரவில்லை.

வியாழக்கிழமை அஸருக்கு முன்னால் மர்ஸூக்கின் டுக்டுக்கில் மூட்டைகளை ஏற்றினார்கள். ஹாஜியாரின் கடை வாசலில் லாரி நின்றது. ஷெஹாத்தா வண்டியோடு வெளியே நின்றார். உள்ளே கணக்குப் பிள்ளை நானூறையும் எண்ணினான். ஹாஜியார் நாலைந்தை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சுத்தம்," என்றார். டிராயரைத் திறந்தார். மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். "உன் சீட்டு. கணக்கு முடிஞ்சுது. எனக்கும் உனக்கும் இனி சலாம் மட்டும்."

இன்ஷிராஹ் வாங்கினாள். விரித்தாள். தொகை, தேதி, அவள் பெயர், அவள் கையெழுத்து. எல்லாம் இருந்தது. நீல மையில் இருந்தது. இரண்டு நாளாகச் செய்து செய்து கையில் ஏறிய பழக்கத்தில் தாளைத் திருப்பினாள். கையெழுத்து இருந்த இடத்தின் பின்பக்கத்தை விரலால் தடவினாள்.

வழவழவென்று இருந்தது.

"ஹாஜியாரே, இது அது இல்ல."

"எது அது இல்ல? உன் எழுத்தை உனக்கே தெரியலையா?"

"என் எழுத்துதான். ஆனா நான் எழுதல. நகல் எடுக்கிற மெஷின் எழுதியிருக்கு." தாளை மேஜையில் கவிழ்த்து வைத்தாள். "நான் எழுதினா தாளைத் தச்ச மாதிரி இருக்கும்னு நீங்கதான் சிரிச்சீங்க. பின்பக்கம் பாருங்க. ஒரு தையல்கூட இல்ல."

கணக்குப் பிள்ளை மூட்டையைக் கட்டுவதை நிறுத்தினான். வெளியே லாரிக்காரன் ஹார்ன் அடித்தான். மூட்டைகள் இன்னும் கடைக்குள்தான் இருந்தன. இன்ஷிராஹ் மெதுவாக நடந்து போய், அதில் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தாள்.

ஹாஜியார் அவளைப் பார்த்தார். ஜெபமாலை இரண்டு மணி நகர்ந்தது. பிறகு அடுத்த டிராயரைத் திறந்தார்.

"கண்ணு மங்கிப்போச்சு உம்மு ரிஹாப். ரெண்டையும் ஒண்ணா வச்சிட்டேன்."

"வயசாகுதுல்ல, ஹாஜியாரே."

இந்தத் தாள் பழுத்திருந்தது. அவள் விரலை வைத்ததுமே தெரிந்தது. எழுத்துகள் பின்பக்கம் புடைத்து, பூத்தையல் மாதிரி வரிசையாக நின்றன. இன்ஷிராஹ் மூட்டையிலிருந்து எழுந்தாள். நகலையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வெளியே ஷெஹாத்தா ஒரு சோளக்காரனின் கரி அடுப்புப் பக்கத்தில் நின்றார்.

"குடுத்தானா?" என்று கேட்டார். அவளிடம்தான் கேட்டார்.

அவள் இரண்டு தாளையும் கொடுத்தாள். அவருக்குப் படிக்கத் தெரியும். படிக்கவில்லை. ஒவ்வொன்றாகத் திருப்பி, பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு நிஜத்தை நாலாக மடித்துக் கரிமேல் வைத்தார். நகலை அதற்கு மேல் வைத்தார்.

"ஏ உஸ்தா, என்னத்தை எரிக்கிறீங்க?" என்றான் சோளக்காரன். "என் சோளத்துல மை நாறும்."

"ஒரு பிரிட்ஜு, ஒரு வாஷிங் மெஷினு, நாலு அடுப்பு," என்றார் ஷெஹாத்தா. "நல்லா விசிறு. எரியட்டும்."

சோளக்காரன் விசிறினான். தாள் சுருண்டு, எழுத்து ஒரு நொடி வெள்ளையாகத் தெரிந்து, சாம்பலாகிக் காற்றில் போனது.

"ரெண்டு சோளம் குடு," என்றாள் இன்ஷிராஹ். "கையில காசு இருக்கு."